பூஞ்சை ஒவ்வாத பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கிறோம். மகளுக்குப் பூஞ்சை ஒவ்வாமை. நான்கு வயதில் ஆரம்பித்தது. ஆண்டு ஒன்றில் சேர்வதற்குள் இரண்டு பாலர்பள்ளி மாற்றி, ஏழெட்டுப் பள்ளிகளின் படியேறி இறங்கிவிட்டோம். அதிலிருந்து கோயிலில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைக்கு எப்போதும் சளி, இருமல். பூஞ்சைதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு காலண்டரை எடுங்கள். எங்கள் சமையலறையில் மாட்டியிருந்த குதிரைக் காலண்டரில் நான்கு வாரம் குறித்தேன். இருமினால் ‘இ’, இரவில் தூங்காவிட்டால் ‘தூ’, மழை பெய்தால் ‘ம’. மூன்றாம் வாரமே படம் தெளிவாகிவிட்டது. சனி, ஞாயிறு கட்டங்கள் காலி. திங்கள் மாலை ‘இ’. செவ்வாய், புதன் ‘இ’யும் ‘தூ’வும். பள்ளி விடுமுறை வந்த வாரம் முழுக்கச் சுத்தம். டாக்டர் நான் பேசியதைவிட அந்தக் காலண்டரைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஆனால் காலண்டர் மட்டும் போதாது. நம் ஊரில் ஒவ்வாமைக்கு முதல் காரணம் பெரும்பாலும் தூசு உண்ணி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிக்கும் ஈரம்தான் பிடிக்கும். பூஞ்சை இருக்கும் இடத்திலேயே அதுவும் இருக்கும். தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, மூச்சிளைப்பு என்று அறிகுறிகளும் ஒன்றே. எது என்று பிரித்துச் சொல்லத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து இலேசாகக் குத்துவார்கள்; கால் மணி நேரத்தில் எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். இரத்தப் பரிசோதனையும் உண்டு. தோல் சோதனைக்கு முன்னால் சில நாள் ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே தடிக்காது. எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளைப்புக்கு வாயால் இழுக்கும் மருந்தை (இன்ஹேலர்) மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் பார்த்து, தேவையென்றால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, பினாங்கில் பினாங்குப் பொது மருத்துவமனை. காத்திருக்க நேரிடும், அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம்.

இன்னொன்று. பள்ளியைக் குறை சொல்வதற்கு முன்னால் வீட்டு அலமாரியை நகர்த்திப் பாருங்கள். நாங்கள் நகர்த்தினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பின்னால் சுவரே தெரியவில்லை.

மலேசியாவில் எங்கே போனாலும் ஈரம். அப்படியானால் எல்லாப் பள்ளியிலும் பூஞ்சை இருக்குமே?

இருக்கும். வெளிக்காற்றிலேயே பூஞ்சை வித்து மிதந்துகொண்டுதான் இருக்கிறது. பூஞ்சையே இல்லாத பள்ளி என்று தேடினால் கிடைக்காது.

ஆனால் வித்து முளைக்கத் தண்ணீர் வேண்டும். மழையில் நனைந்த தரை மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால்தான் வளர ஆரம்பிக்கும். அதனால் ஒரு பள்ளியில் எது நனைகிறது, நனைந்தது எவ்வளவு நேரத்தில் காய்கிறது, காயாததை யார் கவனிக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கட்டடத்தின் வயது, கட்டணம், பெயிண்டின் பளபளப்பு எல்லாம் அப்புறம்.

புதுக் கட்டடம், முழுக்க ஏர்கோன். அதுதானே பாதுகாப்பு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மகளை முதலில் சேர்த்தது ஒரு குடியிருப்புத் தாமானில் மாடி வீட்டை மாற்றிக் கட்டிய பாலர்பள்ளி. கண்ணாடிக் கதவு, கார்ட்டூன் ஒட்டிய சுவர், தரை முழுக்க வண்ண வண்ண ஸ்பாஞ்ச் பாய். உள்ளே போனால் ஜில்லென்று இருக்கும். மாதம் ஒன்று ஆனதும் பிள்ளை இரவெல்லாம் இருமினாள். ஒருநாள் அழைத்துவரச் சீக்கிரமே போய்விட்டேன். அவள் செருப்பு மாட்டும்வரை சும்மா நிற்காமல், மூலையில் இருந்த பாய்த் துண்டைக் காலால் நெம்பினேன். அடியில் எள்ளைத் தூவியது மாதிரி கருப்புப் புள்ளிகள். அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு, எல்லாம் அப்படியே. மேலே தினமும் துடைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கி அங்கேயே தங்கியிருக்கிறது.

ஏர்கோனில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது சாதாரண நாள். அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேல் பட்டாலும் வியர்க்கும், ஐஸ் மைலோ டம்ளர் வியர்ப்பதைப்போல. வகுப்பை 18 டிகிரியில் உறைய வைத்தால் அந்தச் சுவரின் மறுபக்கமும் குளிர்ந்துவிடும். மறுபக்கம் ஏர்கோன் இல்லாத ஸ்டோர் அறையாக இருந்தால் அங்கே சுவர் நனையும். மாலையில் ஏர்கோனை அணைத்துக் கதவைத் திறந்தால் வகுப்புக்குள்ளேயே நாற்காலி, சுவர் எல்லாம் நனையும். வினைல் வால்பேப்பர் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

ஏர்கோனே கூடாது என்று சொல்லவில்லை. 24, 25 டிகிரியில் வைத்து, தண்ணீர்க் குழாய் அடைக்காமல், ஒழுங்காக சர்வீஸ் செய்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும், நல்லதுதான். “கடைசியாக எப்போது கெமிக்கல் சர்வீஸ் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். தேதி சொல்லும் இடம் வேறு, ‘அடிக்கடி செய்வோம்’ என்று சொல்லும் இடம் வேறு.

பள்ளியைப் பார்க்க எப்போது போவது? உள்ளே எதைப் பார்ப்பது?

திறந்த நாள் விழாவுக்குப் போகாதீர்கள். போனாலும் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், எல்லா மின்விசிறியும் ஓடும், வாசலில் ரோஸ் வாசனை அடித்திருப்பார்கள்.

நல்ல நேரம் திங்கள் காலை. இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும்போது வரும் முதல் வாசனை பொய் சொல்லாது. அதைவிட நல்லது நீண்ட விடுமுறை முடிந்த முதல் வாரம். 2026 முதல் பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. அதனால் ஆண்டு இறுதி மழையில் வகுப்புகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பூட்டிய அலமாரியில் பெல்ட்டும் ஷூவும் பூஞ்சை பிடித்து என்ன கதியானது என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? அதேதான்.

மழைக்காலமும் ஊருக்கு ஊர் மாறும். கோலாலம்பூரில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் கொட்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் அதிகம். அந்த மாதங்களில், சாயங்கால மழைக்கு மறுநாள் போனால் கூரை எங்கே ஒழுகுகிறது என்று கேட்கவே வேண்டாம், வாளி வைத்திருப்பார்கள்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். கூரைப் பலகையில் தேத்தண்ணீர் கொட்டிக் காய்ந்தது மாதிரி வட்டக் கறை இருக்கிறதா? கறை பழையதாக இருந்து ஓரம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒழுகல் நின்றிருக்கலாம். வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் ஒன்று என்று அர்த்தம். அப்புறம் வகுப்பின் பின்பக்கம். மென்பலகையில் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருக்கும். காகிதத்தின் கீழ் ஓரம் அலை அலையாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுவர் ஈரம். புத்தக அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கிறதா, கை நுழைய இடம் விட்டிருக்கிறார்களா? கை நுழைந்தால் நுழைத்துப் பாருங்கள். வகுப்புக்கு அடுத்த சுவரில் கழிவறை இருந்தால் அந்தச் சுவரைத் தடவுங்கள். கண்ணாடிப் பட்டைகள் வைத்த நாக்கோ ஜன்னல் திறக்கிறதா, அல்லது பலகை அடித்து மூடிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

நூலகத்தையும் கணினி அறையையும் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். தரைக்கம்பளம் இருப்பதும், அதிகம் பூட்டிக் கிடப்பதும், பழைய காகிதம் குவிந்திருப்பதும் அங்கேதான். என் மகளுடைய பள்ளியில் வகுப்பறை எல்லாம் நன்றாகவே இருந்தது, நூலகத்தில் கால் வைத்த பத்தாவது நிமிடம் கண் சிவந்துவிட்டது.

முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் வகுப்பில் உட்காரட்டும். நம் மூக்கைவிட அந்தப் பிள்ளையின் மூக்கு கெட்டி.

தமிழ்ப்பள்ளியில் சேர்க்க ஆசை. ஆனால் பல பள்ளிகள் பழைய கட்டடமாயிற்றே?

பழையது என்பதால் தள்ளிவிடாதீர்கள். உயரமான கூரை, இரண்டு பக்கமும் நாக்கோ ஜன்னல், வெளியே நீளமான ஐந்தடி நடைபாதை: அந்தக் காலத்தில் ஏர்கோன் இல்லாமல் காற்றோட்டத்துக்காகவே கட்டியவை. இப்போது மகள் படிப்பது அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான். நாங்கள் முதன்முதலில் போன அன்று தோட்டக்காரர் ஏணி போட்டுக் கூரைத் தாழ்வாரத்திலிருந்து இலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே எங்களுக்குப் பதில் சொன்னார். வீட்டுக்காரர் காரில் ஏறியதும், “இங்கேயே சேர்த்துவிடலாம்” என்றார். எனக்கும் வேறு யோசனை இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பழுதுபார்க்கும் செலவு யாருடையது? முழு அரசாங்கப் பள்ளி என்றால் பராமரிப்பு அரசாங்கத்தின் பொறுப்பு. தமிழ்ப்பள்ளிகளில் பல, நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லாததால், பகுதி உதவி பெறும் பள்ளிகள். அங்கே கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அலைய வேண்டியிருக்கும். கூரை ஒழுகினால் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் குறையும். சங்கத்தில் நீங்களே செயலவைக்குப் போய்விட்டால் இன்னும் வசதி. (நான் போனேன். சாப்பாட்டுக் கணக்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள், அது வேறு கதை.)

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டில் நடக்கும் பாலர்பள்ளி பிடித்திருக்கிறது. சேர்க்கலாமா?

பினாங்கில் இருக்கும் என் அக்கா கேட்ட கேள்வி இது. அந்தக் கடைவீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல். அடித்தளத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் போடாத காலம் அது. மண்ணிலுள்ள தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலச் சுவரில் இடுப்புயரம் வரை ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் மூச்சு விட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. மேலே சிமெண்ட் பூசிப் பளபளக்கும் பெயிண்ட் அடித்த வீடுகளில்தான் உரிந்து கொட்டுகிறது.

சுவரடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், அது உப்பாகவும் இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு. ஆனால் உப்பு பூத்திருக்கிறது என்றாலே சுவரில் ஈரம் ஏறுகிறது என்றுதான் பொருள். வீட்டின் நடுவில் உள்ள திறந்த முற்றத்தைத் தகரம் போட்டு மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மூடியிருந்தால் காற்று போக வழியில்லை. முற்றம் திறந்து, வகுப்பு மேல்மாடியில் இருந்தால் யோசிக்கலாம். அக்கா கடைசியில் கீழ்த்தளத்தில் பிள்ளையைத் தூங்கவைப்பார்கள் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

தலைமையாசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது? ‘பிரச்சினை பண்ணும் பெற்றோர்’ என்று பெயர் வாங்கிவிடுவோமோ?

சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள், சண்டையாகச் சொல்லாதீர்கள். “சார், உங்க பள்ளியில பூஞ்சை இருக்கு” என்று ஆரம்பித்தால் அவர் பள்ளியைக் காப்பாற்றப் பேசுவார். “சார், பிள்ளைக்கு இப்படி ஒரு உடம்பு, உங்க உதவி வேணும்” என்று ஆரம்பித்தால் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்.

டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். மலாயில் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகம் வரை அப்படியே அனுப்பலாம். ஒவ்வாமைக்கு ‘அலாஹான்’, பூஞ்சைக்கு ‘குலாப்புக்’ என்ற சொற்கள் அதில் தெளிவாக இருக்கட்டும். நாங்கள் கேட்டது நான்கே விஷயம். மாடி வகுப்பு கிடைக்குமா. பின் அலமாரிக்கும் மென்பலகைக்கும் தள்ளி, ஜன்னலோரம் இடம் தர முடியுமா. ஸ்டோர் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் கூட்டுவேலையிலிருந்து விலக்கு உண்டா. இளைப்பு மருந்தை எங்கே வைப்பது, யார் எடுத்துக்கொடுப்பார்கள். கடைசி விஷயத்தை மட்டும் வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், அலுவலகக் கிராணி மூவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இளைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்த திட்டத்தை நகலெடுத்து மூவருக்கும் கொடுத்தேன். ஆசிரியர் மாறும் ஒவ்வோர் ஆண்டும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆள் வைத்துக் காற்றைச் சோதிக்கச் சொல்லலாமா?

செலவு செய்வதற்கு முன் யோசியுங்கள். மலேசியாவில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நெறிமுறை உண்டு. அதில் ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு, வெப்பம் 23 முதல் 26 டிகிரி, ஒரு கனமீட்டர் காற்றில் வளரக்கூடிய பூஞ்சை அலகு 1,000-க்குள் என்று அளவுகள் இருக்கின்றன. ஆனால் அது வேலையிடத்துக்காக எழுதியது, ஒவ்வாமை உள்ள ஆறு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியதல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஈரம், பூஞ்சை பற்றிய வழிகாட்டியில் ‘இந்த எண்ணிக்கைவரை பாதுகாப்பு’ என்று எதுவும் சொல்லவில்லை. ஈரத்தைத் தடு, வந்தால் சரிசெய் என்கிறது. தவிர, காற்றில் எடுக்கும் மாதிரி அந்த நேரத்துக் கதையை மட்டும்தான் சொல்லும். காலையில் ஒன்று, மின்விசிறி போட்டபின் ஒன்று.

இருபது முப்பது ரிங்கிட்டுக்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. வகுப்பாசிரியர் அனுமதித்தால் ஒரு வாரம் அலமாரிமேல் வைத்துவிட்டு வாருங்கள். ஜன்னல் மூடி ஏர்கோன் ஓடும் வகுப்பில் அது 70-க்கு மேலேயே நின்றால் சோதனைக்கூடம் தேவையில்லை.

பள்ளியில் குளோராக்ஸ் போட்டுத் துடைத்து, புதுப் பெயிண்ட் அடித்துவிட்டோம் என்கிறார்கள். போதுமா?

ஒழுகலை அடைத்தார்களா என்று கேளுங்கள். அடைக்காமல் பெயிண்ட் அடித்தால் மூன்று நான்கு மாதத்தில் மறுபடியும் வந்து நிற்கும். அதுமட்டுமல்ல, செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். கொன்றால் போதாது, துடைத்து எடுக்க வேண்டும். ஓடு, கண்ணாடி என்றால் துடைக்கலாம். மென்பலகை, கம்பளம், ஊறிய கூரைப் பலகை என்றால் கழற்றி எறிய வேண்டியதுதான். அந்த வேலை நடக்கும் நாளிலும் அடுத்த ஓரிரு நாளிலும் பிள்ளையை அனுப்பாதீர்கள். கருப்பாக இருந்தால்தான் ஆபத்து, பச்சை பரவாயில்லை என்று சொல்வதையும் நம்பாதீர்கள். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வகுப்புக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிக் கொடுக்கலாமா?

ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால் மிதக்கும் வித்தைப் பிடிக்கும். ஓசோன் விடும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஆனால் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும் வகுப்பில் அதை வைப்பது காற்றாடித் திருவிழாவில் விசிறி வீசுகிற மாதிரி. மூடிய வகுப்பு என்றால் பயன் உண்டு, சுவர் ஈரத்தை அது ஒன்றும் செய்யாது.

புகைமூட்டம் வந்தால் ஜன்னலை மூடச் சொல்கிறார்களே?

2015, 2019 அனுபவம் எல்லோருக்கும் உண்டு. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகள் நிற்கும், 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். இடைப்பட்ட நாட்களில் மூடிய வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் மூச்சும் ஈரமும் சேரும். இளைப்பு உள்ள பிள்ளைக்குப் புகை, பூஞ்சை இரண்டுமே சுமை. நாங்கள் அந்த நாட்களில் டாக்டரிடம் கேட்டு வீட்டில் வைத்துக்கொண்டோம், பள்ளிக்குக் கடிதம் கொடுத்தோம்.

எப்போது பள்ளியை மாற்றுவது?

சொல்லியும், எழுதியும், ஒரு தவணை காத்திருந்தும் ஒழுகல் அப்படியே இருக்கிறதென்றால். அல்லது இளைப்பு மருந்து அடிக்கடி தேவைப்பட ஆரம்பித்தால். அப்போது தவணையெல்லாம் பார்க்க வேண்டாம். வெள்ளம் புகுந்த கீழ்த்தளத்தை இரண்டே நாளில் அலசிவிட்டுத் திறந்தாலும் எனக்குப் பயம்தான். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவக் கடிதத்தை இணைத்துவிடுங்கள். போகும் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இங்கிருந்து எடுத்துவிட்டு அங்கே இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருமல் போகவில்லை. ஏன்?

பிள்ளை பள்ளியில் மட்டுமா இருக்கிறாள்? டியூஷன் மையம் கடைமாடியில், ஜன்னலே இல்லாத அறையில் இருக்கலாம். பரதம் கற்கும் மண்டபத்தில் ஜமுக்காளம் எத்தனை வருடமாக மடித்துக் கிடக்கிறதோ. எங்கள் விஷயத்தில் அது பள்ளி வேன். பிள்ளைகள் நனைந்த ஷூவோடு ஏறுவார்கள், வேன்காரர் கதவைச் சாத்தி ஏர்கோனைப் போட்டுவிடுவார், தரைவிரிப்பு காய்ந்ததே இல்லை. வேன்காரர் அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே விரிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரப்பர் விரிப்புப் போட்டார்.

அதற்கப்புறமும் வெள்ளிக்கிழமைகளில் இருமினாள். புத்தகப்பையைக் கவிழ்த்தேன். அடியில் மடித்துத் திணித்த மழைச்சட்டை, போன திங்கட்கிழமை நனைந்தது.